தலையில் அடிபட்ட பின் மூளையின் துணைச் செல்கள் என்ன செய்கின்றன?

தலையில் அடிபட்டவர் முதல் நாள் பேசுகிறார், தண்ணீர் கேட்கிறார், வந்தவர்களை அடையாளம் சொல்கிறார். மூன்றாம் நாள் கூப்பிட்டால் கண் திறப்பதில்லை. பட்டது ஒரே அடிதானே, நாளாக ஆக ஏன் மோசமாகிறது என்று வீட்டார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உள்ளே ரத்தக்கட்டு பெரிதாகியிருக்கிறதா என்று மருத்துவர்கள் உடனே சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். கட்டு பெரிதாகவில்லை என்றால், பதிலை நரம்பணுக்களைச் சுற்றியுள்ள துணைச் செல்களில் தேட வேண்டும்.

மோதிய கணத்தில் நடக்கும் சேதத்துக்கு முதல்நிலைக் காயம் என்று பெயர். பக்கியின் (திறந்த பின்தட்டுள்ள சிறு சரக்கு வண்டியின்) பின்தட்டில் உட்கார்ந்து வந்தவர் தூக்கி வீசப்படுகிறார். மினிபஸ் டாக்சி கவிழ்கிறது. தாத்தா குளியலறையில் வழுக்கி விழுகிறார். மண்டையோட்டுக்குள் மூளை குலுங்கி முறுக்கிக்கொள்ள, சில மில்லி விநாடிகளில் ரத்தக்குழாய்களும் நரம்பிழைகளும் அறுபடுகின்றன. இந்தச் சேதத்தைத் திருப்ப மருந்து கிடையாது. சீட் பெல்ட், ஹெல்மெட், பக்கியின் பின்னால் ஆள் ஏற்றாமல் இருப்பது ஆகியவைதான் இதற்கு வைத்தியம். இரண்டாம்நிலைக் காயம் அடுத்த சில நிமிடங்களில் தொடங்கி நாட்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. ஐ.சி.யூ.வில் நடக்கும் சிகிச்சை பெரும்பாலும் இதைத் தடுப்பதற்குத்தான்.

பெரியவர் ஒருவரின் மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ரத்தக்குழாய்ச் செல்களையும் சேர்த்து, நரம்பணு அல்லாத செல்களும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கைதான் என்று பிரேசிலின் சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் குழுவினர் 2009-ல் காட்டினார்கள். துணைச் செல்கள் பத்து மடங்கு என்று பழைய பாடநூல்கள் சொல்வதை இனி விட்டுவிடலாம்.

இந்தத் துணைச் செல்களுக்குப் பொதுப்பெயர் கிளியா. அவற்றில் மூன்று வகைகளைத் தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் புரியும். ஆஸ்ட்ரோசைட் பல கிளைகள் கொண்டது. ஒரு பக்கக் கிளைகள் ரத்தக்குழாய்களைப் போர்த்தியிருக்கும், மறுபக்கக் கிளைகள் நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்ஸ்களைத் தொட்டுக்கொண்டிருக்கும். மைக்ரோகிளியா மூளைக்குள்ளேயே குடியிருக்கும் நோயெதிர்ப்புச் செல். ஒலிகோடெண்ட்ரோசைட், ஆக்ஸான் என்னும் நீண்ட நரம்பிழைகளின்மேல் மயலின் உறையைச் சுற்றுகிறது.

முதல் சில நிமிடங்கள்

கிழிந்த நரம்பணுக்களிலிருந்து இரண்டு பொருள்கள் வெளியே கொட்டுகின்றன: பொட்டாசியமும் குளூட்டமேட்டும். செல்களுக்கு வெளியே உள்ள மூளைத் திரவத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3 மில்லிமோல் அளவில்தான் இருக்க வேண்டும். அது ஏறினால் பக்கத்து நரம்பணுக்கள் தாமாகவே துடிக்கத் தொடங்கும். குளூட்டமேட் நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டப் பயன்படுத்தும் பொருள். அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சு. நரம்பணுவின் வாயில்கள் மூடாமல் திறந்தே கிடக்க, கால்சியம் உள்ளே பாய்ந்து செல்லை உள்ளிருந்து சிதைக்கிறது. அடியில் தப்பித்த நரம்பணுக்களும் இப்படி அடுத்த சில மணி நேரத்தில் சாகின்றன.

இந்த வெள்ளத்தை வாருவது ஆஸ்ட்ரோசைட்டின் வேலை. சினாப்ஸ் பக்கம் சிந்தும் குளூட்டமேட்டில் பெரும்பங்கை அது உறிஞ்சி, தீங்கில்லாத குளூட்டமைனாக மாற்றித் திருப்பித் தருகிறது. பொட்டாசியத்தையும் இழுத்துக்கொள்கிறது. அப்படி இழுக்கும்போது தண்ணீரும் கூடவே உள்ளே வருவதால் ஆஸ்ட்ரோசைட் உப்புகிறது. அடிபட்ட மூளையில் முதலில் வரும் வீக்கத்தில் கணிசமான பகுதி, காப்பாற்றப் போன இந்தச் செல்களின் வீக்கம்.

ஆஸ்ட்ரோசைட் ரத்தக்குழாயைத் தொடும் இடத்தில் அக்குவாபோரின்-4 என்னும் நீர்வாயில்கள் நிறைய உண்டு. அந்த வாயில்கள் இல்லாதபடி வளர்க்கப்பட்ட சுண்டெலிகளில், செல்களுக்குள் நீர் ஏறும் முதற்கட்ட வீக்கம் குறைந்தது. ஆனால் ரத்தக்குழாய் கசிந்து செல்களுக்கு வெளியே நீர் தேங்கும் வகை வீக்கம் அதே எலிகளில் கூடியது, ஏனென்றால் தேங்கிய நீர் வெளியேறும் வழியும் அந்த வாயில்கள்தான். துணைச் செல்களைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே உறுப்பு ஒரு நேரத்தில் கெடுக்கிறது, வேறொரு நேரத்தில் காக்கிறது. அதை நிறுத்தலாமா என்று கேட்பதற்கு முன் எந்த நேரத்தில் என்று கேட்க வேண்டும்.

மண்டையோடு விரியாது. உள்ளே மூளை, ரத்தம், தண்டுவட நீர் ஆகிய மூன்றும் குறிப்பிட்ட இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று பெருத்தால் மற்றது வெளியேற வேண்டும், வெளியேற இடமில்லாதபோது அழுத்தம் ஏறும். கடுமையான தலைக்காயத்தில், மண்டைக்குள் மெல்லிய உணரியை வைத்து இந்த அழுத்தத்தை அளப்பார்கள். பெரியவர்களுக்கு இயல்பாக 15 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருக்கும். 22-ஐத் தாண்டி நின்றால் இறக்கச் சொல்கின்றன அமெரிக்காவின் பிரெயின் டிராமா ஃபவுண்டேஷன் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள். வீக்கம் பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்கு வரும். மூன்றாம் நாள் கண் திறக்காததன் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

ஆஸ்ட்ரோசைட் குளூட்டமேட்டை வாருவதற்கு ஆற்றல் வேண்டும். ரத்த அழுத்தமோ ஆக்ஸிஜனோ குறைந்தால் அந்த வேலை நின்றுவிடும், சில சமயம் உறிஞ்சியதையே திரும்ப வெளியே விடும். அதனால்தான் விபத்து இடத்திலிருந்தே மேல் ரத்த அழுத்தம் இவ்வளவு முக்கியம்: 15 முதல் 49 வயதுவரையும் 70-க்கு மேலும் 110-க்குக் குறையக் கூடாது, 50 முதல் 69 வயதுவரை 100-க்குக் குறையக் கூடாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடக் கூடாது. வார்டில் கட்டிலின் தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தி வைப்பது, கழுத்தை நேராக வைப்பது, மேனிடோல் அல்லது அடர் உப்புக் கரைசல் ஏற்றுவது எல்லாம் இந்த வீக்கத்தைச் சமாளிக்கத்தான். மேனிடோல் உடல் எடையில் கிலோவுக்கு 0.25 முதல் 1 கிராம் வரை கொடுக்கிறார்கள். அது ரத்தத்தின் அடர்த்தியைக் கூட்டி மூளையிலிருந்து நீரை இழுக்கும். ரத்தக்குழாய்ச் சுவர் கெடாத பகுதியில்தான் அது நன்றாக வேலை செய்யும். சுவர் கசியும் இடத்தில் மருந்தே மூளைக்குள் போய்விடும்.

மைக்ரோகிளியா: அரை மணி நேரத்துக்குள் வளையம்

அடிபடாத மூளையில் மைக்ரோகிளியா சும்மா இருக்கும் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2005-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் உயிருள்ள சுண்டெலியின் மூளையை லேசர் நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்த்தபோது அந்த எண்ணம் மாறியது. செல்லின் உடல் நகரவில்லை. ஆனால் அதன் மெல்லிய கிளைகள் ஓயாமல் நீண்டு, சுருங்கி, பக்கத்துத் திசுவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன. லேசரால் ஒரு சிறு புள்ளியைச் சுட்டார்கள். சில நிமிடங்களில் சுற்றிலும் இருந்த கிளைகளெல்லாம் அந்தப் புள்ளியை நோக்கித் திரும்பின. அரை மணி நேரத்துக்குள் அவற்றின் நுனிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, புண்ணைச் சுற்றி வளையம் கட்டிவிட்டன. அவற்றை அழைத்தது உடைந்த செல்களிலிருந்து கசிந்த ஏ.டி.பி., அதாவது செல்கள் ஆற்றலுக்காக வைத்திருக்கும் அதே பொருள்.

2014-ல் சுண்டெலிகளின் மூளை மேற்பரப்பில் லேசான அழுத்தக் காயம் உண்டாக்கி, மைக்ரோகிளியாவின் இந்த நகர்வை மருந்தால் தடுத்துப் பார்த்தார்கள். கசிவு கூடியது, செத்த செல்களும் கூடின. முதல் மணி நேரங்களில் இந்தச் செல் நண்பன் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. வளையம் கட்டிய மைக்ரோகிளியா இன்டர்லூக்கின்-1, டி.என்.எஃப். போன்ற அழற்சிப் பொருள்களை விடுகிறது. அவற்றைக் கேட்டு ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் மூளைக்குள் வருகின்றன: முதல் நாளில் நியூட்ரோஃபில்கள், அடுத்த சில நாட்களில் மோனோசைட்டுகள். செத்த திசுவைத் தின்று துப்புரவாக்க இவை வேண்டும். ஆனால் இவை விடும் நொதிகளுக்குச் செத்தது எது, உயிரோடிருப்பது எது என்று பிரிக்கத் தெரியாது. அதனால் நல்ல திசுவும் அரிக்கப்படுகிறது.

பலருக்கு இது சில வாரங்களில் அடங்கும். சிலருக்கு அடங்குவதில்லை. லண்டனில் 2011-ல் வெளியான ஆய்வு ஒன்றில், அடிபட்டு 11 மாதம் முதல் 17 ஆண்டு வரை கடந்த 10 பேரை பெட் ஸ்கேன் (செல்களின் செயல்பாட்டைக் காட்டும் ஸ்கேன்) செய்தபோது, தூண்டப்பட்ட மைக்ரோகிளியாவின் அடையாளம் மூளையின் நடுவே உள்ள தலாமஸ் பகுதியில் இன்னும் இருந்தது. அடிபட்ட இடத்திலிருந்து அது வெகு தூரம். அறுந்த நரம்பிழைகள் போய்ச் சேரும் இடங்களிலும் அழற்சி நீடிக்கிறது என்பதே இதன் பொருள். விபத்து நடந்து வருடங்கள் கழித்தும் மறதி, சோர்வு, எரிச்சல் போகவில்லை என்று ஒருவர் சொன்னால் அவரைச் சோம்பேறி என்று சொல்வது அநியாயம்.

வடு நல்லதா கெட்டதா?

ஆஸ்ட்ரோசைட்டுகள் சில நாட்களில் உருமாறுகின்றன. உடல் தடிக்கிறது, உள்ளே ஜி.எஃப்.ஏ.பி. என்னும் புரத இழைகள் பெருகுகின்றன, காயத்தின் ஓரத்தில் இருப்பவை பிரிந்து எண்ணிக்கையில் கூடுகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் இவை நெருக்கமாகப் பின்னிச் செத்த பகுதிக்கும் நல்ல பகுதிக்கும் நடுவே எல்லை போடுகின்றன. இதைத்தான் கிளியா வடு என்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் நட்டால் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களில் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு பட்டை நிலத்தில் பயிரே இல்லாமல் போகிறது, ஆனால் தீ அந்தப் பக்கம் தாண்டுவதில்லை. வடுவை உருவாக்கும் ஆஸ்ட்ரோசைட்டுகளைச் சுண்டெலிகளில் நீக்கிப் பார்த்தபோது அழற்சி நல்ல திசுவுக்குள் பரவியது, கூடுதல் மூளைத்திசு அழிந்தது.

வடுவில் இருக்கும் சில சர்க்கரைப் புரதங்கள் நரம்பிழை மீண்டும் வளர்வதைத் தடுக்கும் என்பதும் உண்மை. அதை வைத்துப் பல ஆண்டுகள் வடுவை முதல் எதிரியாகப் பார்த்தார்கள். 2016-ல் சுண்டெலிகளின் தண்டுவடக் காயத்தில் வடு வராமலே தடுத்துப் பார்த்தபோது இழைகள் வளரவில்லை. வடுவோடு சேர்த்து வளர்ச்சிக் காரணிகளைக் கொடுத்தபோதுதான் வளர்ந்தன. ஆஸ்ட்ரோசைட்டுகளை நல்லவை, கெட்டவை என இரண்டு கட்சியாகப் பிரிக்கும் பேச்சு 2017 வாக்கில் பரவலானது. 2021-ல் இத்துறை ஆய்வாளர்கள் பலர் கூடி, அந்த எளிய பிரிவினையைக் கைவிடச் சொல்லி அறிக்கை வெளியிட்டார்கள். அது சரியான முடிவு. காயத்திலிருந்து எவ்வளவு தூரம், எத்தனையாவது நாள் என்பதைப் பொறுத்து ஒரே செல்லின் நடத்தை மாறுகிறது.

வடுவால் வரும் நிஜமான தொல்லை வலிப்பு. உருமாறிய ஆஸ்ட்ரோசைட் பொட்டாசியத்தையும் குளூட்டமேட்டையும் முன்போல வாருவதில்லை. சுற்றியுள்ள நரம்பணுக்கள் எளிதில் கிளர்ந்துவிடுகின்றன. கடுமையான காயத்தில் முதல் 7 நாட்களுக்கு ஃபெனிடோயின் போன்ற வலிப்புத் தடுப்பு மருந்து கொடுப்பதால் அந்த வாரத்து வலிப்பு குறைகிறது. மாதங்கள் கழித்து வரும் வலிப்பை அது தடுப்பதில்லை, அதனால்தான் வலிப்பே வராதவருக்கு மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் இதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எச்.ஐ.வி.க்கு இங்கே முதல் வரிசையாகக் கொடுக்கப்படும் டோலுடெக்ராவிரின் அளவை ஃபெனிடோயின் ரத்தத்தில் குறைத்துவிடும். இன்னொரு வலிப்பு மருந்தான லெவெடிராசெட்டம் அப்படிச் செய்வதில்லை. மூளைக்குள் எச்.ஐ.வி. தங்குவதும் பெரும்பாலும் மைக்ரோகிளியா வகைச் செல்களில்தான். ஆகவே நோயாளி ஏ.ஆர்.வி. (எச்.ஐ.வி.க்கான) மாத்திரை எடுப்பவர் என்றால் கூச்சப்படாமல் வார்டு மருத்துவரிடம் தனியாகவாவது சொல்லிவிடுங்கள், மாத்திரை ஒரு நாளும் விடுபடக் கூடாது.

உறை இழந்த இழைகள்

ஒலிகோடெண்ட்ரோசைட் மூன்றிலும் நோஞ்சான். ஒன்றே பல பத்து இழைப்பகுதிகளுக்கு உறை போடுவதால் ஒன்று செத்தாலும் பல இடங்களில் மயலின் போய்விடும். அதற்குள் இரும்பு அதிகம். குளூட்டமேட்டும், கசிந்த ரத்தத்தின் இரும்பும் அதை எளிதில் கொல்லும். சாவு வாரக்கணக்கில் தொடர்கிறது. நல்ல உறையுள்ள இழையில் சைகை நொடிக்கு 100 மீட்டர் வரை ஓடும். உறையே இல்லாத இழையில் நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர். ஸ்கேன் தெளிவாக இருந்தும் கேட்ட கேள்விக்குப் பதில் வர நேரமாவதற்கு இது ஒரு காரணம். மூளையில் இருக்கும் முன்னோடிச் செல்கள் புதிய ஒலிகோடெண்ட்ரோசைட்டுகளாக மாறி மறுபடி உறை போடும், ஆனால் அது பழையதைவிட மெல்லியதாக இருக்கும், மாதங்களும் ஆகும்.

அழற்சியை அடக்கிவிட்டால் என்ன?

வார்டு வாசலில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: வீக்கம்தானே, ஸ்டீராய்டு போடலாமே? மூளைக் கட்டியால் வரும் வீக்கத்துக்கு ஸ்டீராய்டு நன்றாக வேலை செய்வதால் இப்படிக் கேட்கிறார்கள். தலைக்காயத்தில் அது ஆபத்து. கிராஷ் என்ற பெரிய ஆய்வில் 10,008 பேர் சேர்க்கப்பட்டார்கள். 2004-ல் முடிவு வந்தது: மெத்தில்பிரெட்னிசலோன் பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், வெற்று மருந்து பெற்றவர்களில் 17.9 சதவீதம். ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

மைக்ரோகிளியாவை மட்டும் குறிவைத்தால்? மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் அதை அடக்கும். லண்டனில் 2018-ல் வெளியான ஆய்வில், பழைய தலைக்காயம் உள்ள 15 பேரில் சிலருக்கு 12 வாரம் அதைக் கொடுத்தார்கள். ஸ்கேனில் மைக்ரோகிளியாவின் தூண்டுதல் குறைந்தது. ஆனால் நரம்பிழைகள் சிதைவதைக் காட்டும் ரத்தப் புரதம் கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் நாள்பட்ட நிலையிலும் இந்தச் செல் ஏதோ ஒன்றைக் காத்துக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் அழற்சியைத் தணிக்கும் என்று கேள்விப்பட்டு அதைக் காப்ஸ்யூலாக வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. வாய்வழி எடுத்தால் மிகக் கொஞ்சமே ரத்தத்தில் சேரும். தலைக்காயத்துக்கு அதை நம்பி எந்த மருந்தையும் தள்ளிப் போடாதீர்கள்.

துணைச் செல்கள் தரும் ரத்தப் பரிசோதனை

ஆஸ்ட்ரோசைட் உடையும்போது ஜி.எஃப்.ஏ.பி. ரத்தத்தில் கசிகிறது. அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அதை அளக்க முடியும், ஏறக்குறைய 20 மணி நேரத்தில் உச்சம் தொடும். இதையும் நரம்பணுவிலிருந்து வரும் இன்னொரு புரதத்தையும் சேர்த்து அளக்கும் சோதனைக்கு அமெரிக்கா 2018-ல் அனுமதி தந்தது. லேசான காயத்தில், 12 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் இரண்டும் குறைவாக இருந்தால் சி.டி. ஸ்கேனைத் தவிர்க்கலாம். ஸ்கேன் இல்லாத சிற்றூர் மருத்துவமனையிலிருந்து யாரை டர்பன் நகருக்கு அனுப்புவது என்று முடிவெடுக்க இது பெரிய உதவியாகும். நினைவு தடுமாறுபவருக்கு இந்தச் சோதனைக்காகக் காத்திருக்கக் கூடாது, அவருக்கு ஸ்கேன்தான்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

லேசான அடி என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால், முதல் 24 முதல் 48 மணி நேரம் கூட ஒருவர் இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கை கால் ஒரு பக்கம் தளர்வது, கண்ணின் இரு பாவைகளும் வேறு வேறு அளவில் தெரிவது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் ஒழுகுவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தென்னாப்பிரிக்காவில் ஆம்புலன்ஸுக்கு 10177-ஐயோ, கைபேசியிலிருந்து 112-ஐயோ அழையுங்கள். டர்பன் பகுதியில் என்றால், சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான், ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை என்று அருகில் உள்ள அவசரப் பிரிவுக்கே போங்கள். நரம்பறுவை தேவைப்பட்டால் அங்கிருந்து இங்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனைக்கு அவர்களே அனுப்புவார்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். கடைகளில் ஒற்றைப் பொட்டலமாகக் கிடைக்கும் கிராண்ட்-பா தலைவலிப் பொடியில் ஆஸ்பிரின் இருக்கிறது, டிஸ்ப்ரினும் ஆஸ்பிரின்தான். ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைக் குறைக்கும். மூளைக்குள் ரத்தக்கசிவு இல்லை என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லும்வரை அது வேண்டாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுக்கும் ஆயாவோ தாத்தாவோ விழுந்தால், பேச்சு தெளிவாக இருந்தாலும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

ரக்பி ஆடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் கடைசியாக ஒன்று. ஒருமுறை தூண்டப்பட்ட மைக்ரோகிளியா அடுத்த அடிக்கு முன்னைவிட வேகமாகவும் பெரிதாகவும் எதிர்வினை செய்யும். ஆஸ்ட்ரோசைட்டுகளும் முதல் காயத்தின் வேலையை இன்னும் முடித்திருக்காது. அந்த நேரத்தில் இரண்டாவது அடி பட்டால் சின்ன அடியும் பெரிய வீக்கத்தில் முடியலாம். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே பிள்ளையை அன்று மைதானத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும், அன்று மறுபடி இறக்கக் கூடாது. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு. ஆனால் இருட்டறையில் படுக்க வைக்க வேண்டாம், மெதுவான நடை நல்லது, கைபேசித் திரையைக் குறைக்க வேண்டும். பிறகு லேசான ஓட்டம், பந்துப் பயிற்சி, மோதல் இல்லாத ஆட்டம் என்று படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறி மோசமானால் அடுத்த படிக்குப் போகாமல் நிறுத்தி, முந்திய படிக்குத் திரும்ப வேண்டும். மோதல் உள்ள பயிற்சிக்கு முன் மருத்துவரின் எழுத்துபூர்வமான அனுமதியைப் பயிற்சியாளர் கேட்காவிட்டாலும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.